நூறு ஆகட்டுங்கண்ணா

எடுக்க மாட்டேங்கண்ணா. இன்னும் பத்து ஹாரன் அடிங்க, அப்பவும் எடுக்க மாட்டேன். சார்ஜ் எம்பது பர்சன்ட் வந்தா அடுத்தவங்களுக்கு விட்டுடணும்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க பாக்கலாம். போர்டுல ஒண்ணே ஒண்ணுதான் எழுதியிருக்கு, மின்சார வண்டிகளுக்கு மட்டும்னு. அதுக்கு நேர் கீழ ஒரு தக்காளி வேன் நிக்குது. அங்க போயி ஹாரன் அடிங்களேன். அடிக்க மாட்டீங்க. அவரு எறங்கி வந்தார்னா லுங்கிய மடிச்சுக் கட்டிட்டுத்தான் வருவாரு. நான் சுடிதார்ல நிக்கறேன், எங்கிட்டன்னா நியாயம் பேசலாம்.

அந்த இன்னொரு மெஷினா? அதுல சொருகிப் பாருங்க. சாக்கு போட்டு மூடி வெச்சிருக்காங்களே, எதுக்குன்னு நெனச்சீங்க, குளிருதுன்னா? அது நின்னு ரெண்டு மாசமாச்சு. பேக்கரிக்காரர்கிட்டக் கேட்டா, "நம்மளுது எடம் மட்டும்தான் கண்ணு, மெஷினு கம்பெனிக்காரங்களுது"ங்கறாரு. கம்பெனிக்குப் போன் பண்ணினா ஒரு பொண்ணு இந்தில பேசுது. நானும் தமிழ்ல திட்டினேன். ரெண்டு பேருக்கும் மனசு ஆறிருச்சு, மெஷின் ஆறல, அப்டியே கெடக்குது.

படிச்ச பொண்ணு மாதிரியா இருக்குன்னு உங்க வீட்டுக்காரம்மாகிட்டச் சொன்னீங்கல்ல, கேட்டுச்சு. படிச்ச பொண்ணுதானுங்க. லா காலேஜ், மூணாவது வருஷம். பேரு மௌனிகா. சிரிச்சுக்கோங்க, எல்லாரும் சிரிக்கறதுதான்.

உங்க வண்டில ஒம்பது பர்சன்ட்தான் இருக்கு, பின்னாடி கொழந்தைங்க இருக்கு, மைசூர்ல இருந்து மலை எறங்கி வர்றீங்க, கோயமுத்தூர் போகணும். சேரிங்க. எனக்கும் புரியுது. ஆனா எங்க வண்டி எதுக்குப் போகுதுன்னு நீங்க கேட்டீங்களா? கேக்கல. கண்ணாடிக்குள்ள பாருங்க. முன் சீட்ல மடில குக்கர வெச்சுட்டு உக்காந்திருக்காங்கல்ல, அது எங்கம்மா. பின்னாடி பாய், தலகாணி, ஒத்த அடுப்பு, ஒரு பிளாஸ்டிக் கொடம். அம்மா சத்தியமங்கலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு கவர்மென்ட் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். அந்த ஊர்ல ஒரு ரூம் புடிச்சு, அந்த ரூம்ல அவங்களக் கொண்டு போயி விடப் போறோம். வீடு கோயமுத்தூர்ல இருக்கு, புருஷன் இருக்காரு, புள்ள இருக்கேன். அம்பது வயசுல எங்கம்மா ஒத்தைல சமைச்சுத் தின்னுட்டு ஒத்தைல படுக்கணும். எதுக்குத் தெரியுங்களா? இந்த வண்டிக்கு எங்க வீட்ல ஒரு பிளக் இல்ல. அதுக்குத்தான். ஒரு பிளக்.

அதனால நான் நூறு ஆகற வரைக்கும் நிப்பேன். நீங்களும் நில்லுங்க.

கதையெல்லாம் வேண்டாம்ங்கறீங்களா? வேற என்ன பண்ணப் போறீங்க இங்க? பேக்கரில தேங்காய் பன் நல்லாருக்கும், ஒண்ணு வாங்கிட்டு வந்து கேளுங்க.

அம்மாவுக்கு டிரான்ஸ்பர் வந்தது ஜூன்ல. போக எழுவது கிலோமீட்டர், வர எழுவது. பஸ்ஸுன்னா காந்திபுரத்துல ஒண்ணு, சத்தியமங்கலத்துல ஒண்ணு, அப்பறம் ஊருக்குள்ள போற மினி பஸ்ஸு. மினி பஸ் விட்டுட்டா அந்த ஆண்டவனே வந்தாலும் நடந்துதான் போகணும். அப்பா அப்பவே சொன்னாரு, "ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கட்டும், வெள்ளிக்கிழம வரட்டும்"னு. எவ்ளோ ஈசியாச் சொன்னார் பாருங்க. டீ ஆறிப் போச்சு, மாத்திக் குடுன்னு சொல்ற மாதிரி. அம்மா அப்ப பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க, கழுவின தட்டையே மறுக்கா எடுத்துக் கழுவினாங்க. எனக்கு அது போதும்.

நாந்தான் சொன்னேன், கார் வாங்கலாம், கரன்ட் கார் வாங்கலாம்னு. அம்மாவுக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியுமே. அப்பா பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, எதக் கேட்டாலும் "ஸ்டடி பண்ணலாம்"ம்பாரு. ஸ்டடி பண்ண நான் விடல. சாப்பிடறப்ப பேசினேன், டிவி பாக்கறப்ப பேசினேன், பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னு பேசினேன். கடைசில மனுசன் களைச்சுப் போயி சேரின்னாரு. ஷோரூம்ல சேல்ஸ் பண்ற பையன் என்ன சொன்னான் தெரியுங்களா? "போன் மாதிரி மேடம். நைட் சொருகிட்டுத் தூங்குங்க, காலைல ஃபுல்." எங்கடா சொருகறதுன்னு அவன் கேக்கல. நானும் கேக்கல. ஏங்க கேக்கணும்? சொந்த ஃபிளாட், சொந்த பார்க்கிங், மூணாவது மாடி. எங்க எடத்துல எங்க கரன்ட்ட எங்க வண்டில போடறதுக்கு யாரக் கேக்கணும்?

யாரக் கேக்கணும்னு அப்பறம் தெரிஞ்சுது. அசோசியேஷன்.

செக்ரட்டரி தண்டபாணி அங்கிள். மில்லுல மேனேஜரா இருந்தவரு, இப்பவும் காலைல எந்திரிச்சு பார்க்கிங்ல கைய பின்னால கட்டிட்டு ஷிஃப்ட் செக் பண்ற மாதிரி நடப்பாரு. நாங்க வண்டிய எடுத்துட்டு வந்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சாமி கும்பிட்டு, மாலையோட நிறுத்தறோம். வந்து பாத்தாரு. "லட்சணமா இருக்குது கண்ணு. சார்ஜ் எங்க போடுவீங்க?"ன்னாரு. "இங்கதான் அங்கிள். வயர் இழுத்து ஒரு பாயின்ட் வெச்சுக்குவோம்"னேன். "இங்க போடக்கூடாதே. ரூல் இருக்கே"ன்னாரு. என்ன ரூலுன்னேன். "பார்க்கிங்ல எந்த வண்டிக்கும் பேட்டரி சார்ஜ் பண்ணக்கூடாது, அசோசியேஷன் தீர்மானம்"னாரு. நான் அப்பாவப் பாத்தேன். அப்பா மாலைய நேரா வெச்சுட்டு இருந்தாரு. அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். தட்டல.

கரன்ட் ஆபீஸ்ல போயி, வண்டிக்குத் தனியா மீட்டர் குடுங்கன்னு கேட்டோம். குடுக்கறோம், உங்க அசோசியேஷன் ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கட்டும்னாங்க. தண்டபாணி அங்கிள்கிட்டப் போனா, ரூல் இருக்கறப்ப நான் எப்டிம்மா எழுதறதுங்கறாரு. சேரி, ரூல மாத்துங்கன்னேன். மீட்டிங் போட்டு எல்லாரும் கையெழுத்துப் போட்டுத்தான் மாத்தணும்னாரு. எப்ப மீட்டிங்? "தீபாவளி முடியட்டும்." சொன்னது ஜூலை மாசம்ங்கண்ணா.

அதுவரைக்கும் வண்டி என்ன பண்ணும்? ஒவ்வொரு எடமா நாய் மாதிரி அலைஞ்சோம். கிராஸ்கட் ரோட்ல ஒரு ஜவுளிக்கடை, கீழ்த்தளத்துல சார்ஜர் இருக்கு. இருக்கு, ஆனா பில் காட்டினாத்தான் போட விடுவான் அந்த செக்யூரிட்டி. அதனால அம்மா ஒவ்வொரு தடவையும் எதயாச்சும் வாங்குவாங்க. துண்டு, கர்சீப், உள்பாவாடை. எங்க வீட்டு பீரோவத் தொறந்தா கர்சீப்பா கொட்டுது. அப்பாவுக்கு ஜலதோஷமே புடிக்க மாட்டேங்குது. இன்னொரு எடம் ஒரு ஓட்டல். அங்க கார்ட் வேணும், கார்டுக்கு ஆப் வேணும், ஆப்புக்கு ஓடிபி வரணும், பேஸ்மென்ட்ல சிக்னல் இல்ல. நான் மேல ரோட்டுக்கு ஓடி ஓடிபி வாங்கிட்டு கீழ ஓடறதுக்குள்ள நேரம் முடிஞ்சுதுங்கும். அந்த ஓட்டல் வாட்ச்மேன் எனக்கு ஓட்டப்பந்தயக்காரின்னே பேரு வெச்சிருந்தாரு.

அம்மா கடைசில இந்தப் புளியம்பட்டி பேக்கரியப் புடிச்சாங்க. வர்ற வழி. ஸ்கூல் விட்டு வந்து இங்க சொருகிட்டு, அந்தா, அந்த சிமெண்ட் பெஞ்சுல உக்காந்து பேப்பர் திருத்துவாங்க. டீ மாஸ்டருக்கு எங்கம்மாவ நல்லாத் தெரியும். "டீச்சரம்மா, இன்னைக்கு எத்தன பேரு ஃபெயிலு?"ன்னுதான் டீயே குடுப்பாரு. மழ வந்துச்சுன்னா உள்ள கேக் அடுக்கற மேஜைல எடம் ஒதுக்கிக் குடுப்பாரு. ஆறாங்கிளாஸ் பேப்பர்ல பூராம் கிரீம் ஒட்டியிருக்கும். அப்பறம் வீடு வர எட்டரை, ஒம்பது. வந்து சமையல், மறுபடி அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். கண்ணுக்குக் கீழ கருப்பா எறங்கிருச்சு. நான் கேட்டா, "பரவால்ல சாமி, வீட்டுக்கு வந்து படுக்கறேன்ல"ம்பாங்க. வீட்டுக்கு வந்து படுக்கறதுதான் அவங்களுக்கு வேணும். வேற ஒண்ணுமே கேக்கல.

எம்பத்தி ரெண்டு. பாத்துட்டேன் பாத்துட்டேன். எம்பதுக்கு மேல மெதுவாத்தான் ஏறும்னு எனக்கும் தெரியும், நீங்க ஒண்ணும் பாடம் எடுக்க வேண்டாம்.

என்னது, வீட்ல எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கலாமேன்னா? போட்டனே. போடாம இருப்பனா? மூணாவது மாடி பால்கனில இருந்து வயர எறக்கினேன். ரெண்டாவது மாடி ஹேமாக்காவோட கொடிக்கயிறு வழியாத்தான் எறங்கணும், வேற வழியில்ல. அந்தக்கா காலைல நைட்டிய எடுக்கறப்ப வயரும் கூட வந்துருச்சு. "ஏன்டி, எனக்கு ஷாக் அடிச்சு நான் செத்துருந்தா?"ன்னுச்சு. சாகலையேக்கான்னேன். உண்மையச் சொன்னா கோவம் வருது. அன்னைல இருந்து அந்தக்கா பேசறதில்ல. ஒரு கையெழுத்து போச்சு.

அப்பறம் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள்தானுங்க, கீழ மாடிப்படிக்கு அடியில ஒரு பொது சாக்கெட் இருக்கு, வாட்ச்மேன் போன் சார்ஜ் போடுவாரே, அதுல போட்டேன். மறுநா அம்மாவுக்கு ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷன். வண்டில இருவதுதான் இருந்துச்சு. அவசரம். அவசரத்துக்குப் பாவம் இல்ல. அந்த சாக்கெட் தண்ணி மோட்டார் லைன்ல இருக்குன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? காலைல ஃபியூஸ் போயி, மோட்டார் ஓடல, இருவத்தி நாலு வீட்டுக்கும் தண்ணி இல்ல. ஒரு நாள் குளிக்காம ஆபீஸ் போனா என்னவாம், செத்தா போயிருவாங்க? வயர்ல நான் தலையணை உறையச் சுத்தி வெச்சிருந்தேன், யாரும் மிதிச்சுடக் கூடாதுன்னு ஒரு அக்கறைல. அத ஒரு புண்ணியவான் போட்டோ எடுத்து, செவப்புல வட்டம் போட்டு, அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டான். வட்டம் போட்டு. கொலைக் கேஸுல தடயம் காட்டற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. ஒருத்தர் ஒரு கஷ்டத்துல ஒரு காரியம் பண்றாங்கன்னா, நேர்ல வந்து என்ன ஏதுன்னு கேக்கணும். அது நாகரிகம். போட்டோ எடுத்து நாலு பேருக்குக் காட்டறது என்ன பொழப்பு?

குரூப்ல நான் விடல. வாய்ஸ் நோட்டா போட்டுத் தாக்கினேன். சட்டம் சொன்னேன், தண்டபாணி அங்கிளோட மீன் தொட்டி மோட்டார் யாரு கரன்ட்ல ஓடுதுன்னு கேட்டேன், நாலாவது மாடிக்காரங்க ஏசித் தண்ணி யாரு ஜன்னல்ல சொட்டுதுன்னு கேட்டேன். அம்மா, "வேண்டாம் சாமி, நமக்கு அவங்க கையெழுத்து வேணும்"னாங்க. நியாயம் நம்ம பக்கம் இருக்கறப்ப எதுக்கும்மா கெஞ்சணும்னேன்.

அம்மா எந்திரிச்சு அரிசி களையப் போயிட்டாங்க. ஜெயிச்சது நாந்தான்.

அப்பறம் போன மாசம் ஒரு நாள், பொழுது சாயற நேரத்துல, இந்த மெஷினும் நின்னுருச்சு. ரெண்டும் இல்ல. அம்மா வண்டில ஏழு பர்சன்ட். கோயமுத்தூருக்கும் வர முடியாது, ஸ்கூலுக்கும் போக முடியாது. நட்டநடு வழி. அப்பாவும் நானும் பஸ்ஸேறி இங்க வந்து, மெஷின் சரியாகற வரைக்கும் வண்டிய இங்கியே விட்டுட்டு, அம்மாவக் கூட்டிட்டு பஸ்ல திரும்பினோம். பஸ்ல கூட்டம். அம்மா கம்பியப் புடிச்சு நின்னுட்டே தூங்கினாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு, அழுகை வந்தா எனக்குக் கோவம் வரும், கண்டக்டர்கிட்ட சில்லறைக்குச் சண்ட போட்டேன். மறுநா காலைல அம்மா காபி ஆத்திட்டே, "நான் ரூமே பாத்துக்கறேனுங்க"ன்னு அப்பாகிட்டச் சொன்னாங்க. அப்பா, "ம்"னாரு. ம். அவ்ளோதான். இருவத்தி ஏழு வருஷம் குடும்பம் பண்ணினதுக்கு ஒரு ம்.

கடைசி வாய்ப்பு போன ஞாயித்துக்கிழம மீட்டிங். மொட்டை மாடில ஷாமியானா போட்டு, பஜ்ஜி சட்னி எல்லாம் குடுத்து. நான் ரெடியாப் போயிருந்தேன். எந்திரிச்சு நின்னு கேட்டேன், "தண்டபாணி அங்கிள், இந்த மாதிரி காட்டுமிராண்டித்தனமான ஒரு ரூல எந்தப் புத்தியில போட்டீங்க? ஒரு குடும்பத்தப் பிரிக்கற ரூல எவனாச்சும் போடுவானா?"ன்னு.  பஜ்ஜி மென்னுட்டு இருந்தவங்க பாதில நிறுத்திட்டாங்க. அங்கிள் கோவப்படவே இல்லைங்கண்ணா. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "கண்ணு, இத நான் போடல. நான் செக்ரட்டரி ஆகி ஒரு வருஷம்தான் ஆச்சு. இது போன கமிட்டி போட்ட ரூலு. போன கமிட்டி செக்ரட்டரி அந்தா, தண்ணி டேங்க்குகிட்ட உக்காந்திருக்காரு"ன்னு கைய நீட்டினாரு.

திரும்பிப் பாத்தேன். எங்கப்பா.

பஜ்ஜிய கைல வெச்சுட்டு வானத்தப் பாத்துட்டு இருந்தாரு. மழ வருமான்னு பாக்கறாராமா.

 அப்பதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வருது. ரெண்டு வருஷம் முன்னாடி முதல் மாடில சபரிநாதன்னு ஒருத்தர் வாடகைக்கு இருந்தாரு. மருந்துக் கம்பெனி ரெப்பு. கரன்ட் ஸ்கூட்டர் வெச்சிருந்தாரு, அத அந்த மாடிப்படி சாக்கெட்ல போட்டுட்டுப் போயிருவாரு. அது வேற கதைங்க, அது நம்ம மாதிரி இல்ல. அவரு தினமும் போட்டாரு. பொதுக் கரன்ட். நாந்தான் கண்டுபுடிச்சதே. ஃபர்ஸ்ட் இயர்ல இருந்தேன், அப்பவே எனக்கு அநியாயம்னா ஆகாது. போட்டோ எடுத்து வட்டம் போட்டு குரூப்ல போட்டேன், 'இது யார் வீட்டுக் கரன்ட்?'னு. நாப்பது பேரு கை தட்டினாங்க. மறுவாரமே அப்பா தீர்மானம் கொண்டாந்தாரு, எந்த வண்டிக்கும் கூடாதுன்னு. அந்த சபரிநாதன் எங்க வீட்டுக்கு ஏறி வந்து, "சார், தனியா மீட்டர் போட்டுக்கறேன், நீங்க ஒரு கையெழுத்து மட்டும் குடுங்க"ன்னு நின்னாரு. அப்பா, "ரூல்னா ரூலுங்க தம்பி"ன்னாரு. நான் உள்ள ரூம்ல இருந்து கேட்டேன், எங்கப்பாவ நெனச்சு எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. அவங்க ரெண்டு மாசத்துல காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. போனது அவங்க சவுரியம். அவரு சம்சாரம் அப்ப மாசமா இருந்துச்சு, எங்கம்மா புளிசாதம் கட்டிக் குடுத்தாங்க வண்டி ஏத்தறப்ப.

ஆனா ஸ்கூட்டர நிறுத்தறதுக்கு ஸ்கூட்டர்ன்னு போட வேண்டியதுதான? எந்த வண்டிக்கும்னு ஏன் போடணும்? நாளைக்கு நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வரும்னு ஒரு மனுசனுக்குத் தோண வேண்டாமா? அப்பாவுக்கு முன்யோசனையே கெடையாது.

கேளுங்க, இன்னும் இருக்கு. தண்டபாணி அங்கிள் மைக்குல சொன்னாரு, "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. இன்னைக்கு நாலு பேரு வீட்ல கரன்ட் வண்டி வாங்க இருக்காங்க. ரூல எடுத்துடலாம். ஆனா போட்டவரு எந்திரிச்சு, அது தப்பாப் போச்சுங்க, எடுத்துடலாம்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அந்தத் தம்பிய அன்னைக்கு இதே மாடில நிக்க வெச்சு அனுப்பினோம். இப்பத் தனக்குன்னதும் சத்தமில்லாம மாத்தினா நல்லாருக்குமா?"ன்னாரு. சேரிதான? ஒரு வார்த்த. எல்லாரும் அப்பாவப் பாக்கறாங்க. ஹேமாக்காகூட, "சொல்லுங்கண்ணா, டீச்சருக்காகச் சொல்லுங்க"ன்னுச்சு. அப்பா எந்திரிச்சாரு.  எந்திரிச்சு, பஜ்ஜித் தட்ட குப்பைத்தொட்டில போட்டுட்டு, படியெறங்கிப் போயிட்டாரு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "போட்டவனே எப்டி எடுக்கச் சொல்றது? நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"ங்கறாரு. "அம்மா ரூமுக்குப் போறாங்கப்பா"ன்னேன். "வெள்ளிக்கிழம வந்துருவாள்ல"ங்கறாரு. மீட்டிங் வேண்டாம்ப்பா, குரூப்ல ஒரு வரி போடுங்கன்னேன். அங்கிளே சொல்லிட்டாரு, ஒரு வரி போட்டாப் போதும், மறுநாளே கடுதாசி குடுத்துடறேன்னு. ஒரு வாரமா போன கைல எடுக்கறாரு, கண்ணாடி போடறாரு, ஒரு வரி தட்டறாரு, அழிக்கறாரு. நேத்து நான் பின்னால நின்னு பாத்தேன். 'அனைவருக்கும் வணக்கம்'னு போட்டுட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தாரு. அப்பறம் வணக்கத்தையும் அழிச்சுட்டாரு.

இந்தப் பிடிவாதம் எங்க இருந்துதான் வந்துச்சோ. தப்புன்னு தெரிஞ்சா ஒத்துக்கறதுல என்னங்க கொறஞ்சு போச்சு? எனக்கு அந்த கொணமே புடிக்காது.

அதா பாருங்க, பேக்கரில டீ குடிச்சுட்டு வர்றாரு. கட்டம் போட்ட சட்ட. ஒண்ணுமே நடக்காத மாதிரி வர்றாரு பாருங்க, பொண்டாட்டிய மாமியார் வீட்டுக்கு விட்டுட்டு வரப் போற மாதிரி.

அம்மா, நீங்க எதுக்கு எறங்கறீங்க? உக்காருங்கம்மா. முறுக்கா? அவங்க கொழந்தைக்கா? அது உங்களுக்கு அங்க சாயந்தரம் திங்கறதுக்குப் போட்டதும்மா. நானே புழிஞ்சது. எல்லாத்தையும் குடுத்துட்டுப் போங்க.

அம்மா. அம்மா, அந்த மெஷினத் தொடாதீங்க. ஐயோ, நிறுத்திட்டீங்களா? எம்பத்தி அஞ்சுதான் ஆயிருக்கு. என்னது போதும்? அங்க பாயின்ட் இல்ல, போயிட்டு நாங்க திரும்பி... மொத்தமே நூறு கிலோமீட்டர்தான், எனக்கும் கணக்குத் தெரியும்மா. நீங்க கணக்கு டீச்சர்தான், நான் இல்லைங்கல. வேணுங்கறதுக்கு மேல புடிச்சு வெச்சிருக்கேனாமா. கேட்டீங்களாண்ணா, எங்கம்மா உங்களுக்கு வக்கீல்.

அந்த சார்ஜர் பிளக்க எடுங்கண்ணா. எடுத்துச் சொருகுங்க. எங்கம்மா சொல்லிட்டாங்கல்ல, சொருகுங்க. நல்லா அழுத்தணும், டக்குன்னு ஒரு சத்தம் வரும். வரல, எடுத்துட்டு மறுபடி போடுங்க. இப்டிக் குடுங்க. உங்களுக்கு இதுகூடத் தெரியல, ஹாரன் மட்டும் நல்லா அடிக்கத் தெரியுது. வந்துருச்சா? பச்சை லைட். சேரி.

போயிறாதீங்க ஆனா. இங்கியே நில்லுங்க, எனக்கு ஒரு சாட்சி வேணும்.

அப்பா, சாவிய எடுக்காதீங்க. இக்கட்ட வாங்க, இந்தப் பக்கம். இல்லப்பா, வண்டில போயிப் பேச முடியாது, வண்டில ஏறினா நீங்க ரேடியோ போட்டுருவீங்க. இங்க பேசுங்க. டீ மாஸ்டர் பாக்கறாரு, தக்காளி வேன்காரரும் எறங்கிட்டாரு, இந்தண்ணனும் இருக்காரு, மைசூர்ல இருந்து வந்திருக்காரு. நாலு பேரு என்ன நெனைப்பாங்கன்னு கேட்டீங்கல்ல, நாலு பேரு இந்தா நிக்கறாங்க. நேரா அவங்களையே கேட்டுக்கோங்க.

இது நம்ம அசோசியேஷன் குரூப். நான் மைக்க அழுத்திப் புடிச்சிருக்கேன், பதிவாயிட்டு இருக்கு. நான் கைய எடுத்தா இருவத்தி நாலு வீட்டுக்கும் போயிரும். நீங்க பேசலன்னாலும் போகும், பேசாம நின்னது போகும். அதனால பேசிடுங்க. பெருசா ஒண்ணும் வேண்டாம். அன்னைக்கு நான் போட்டது தப்புங்க, எடுத்துடுங்க. அவ்ளோதான். சொல்லிட்டீங்கன்னா வண்டிய இப்டியே திருப்பிடலாம், பாய், தலகாணி, குக்கர் எல்லாம் வீட்டுக்குப் போயிரும்.

என்னம்மா? பதிவாயிட்டு இருக்கறப்ப பேசாதீங்கம்மா, உங்க கொரலும் சேந்து விழுகுது. அந்த போட்டோவா? யாரு எடுத்ததுன்னா... அதுங்களா இப்பக் கேள்வி? சபரிநாதன் விசயம் வேற, இது வேற, அது முடிஞ்சு போச்சு, அவங்களே மறந்திருப்பாங்க. எதுக்கு மறுபடியும் கேக்கறீங்க? குரூப்ல எல்லாருக்கும் போகுதும்மா. நான் பதில் சொல்றதுக்கு இங்க ஒண்ணும் இல்ல. பதில் சொல்ல வேண்டியவரு இந்தா, சாவியப் புடிச்சுட்டு நிக்கறாரு.

அப்பா, தரையப் பாக்காதீங்க. என்னப் பாருங்க. ஒரு தப்பப் பண்ணிட்டு, தப்புன்னு தெரிஞ்சும், ஒரு மனுசனால எப்டிப்பா வாயத் தொறக்காம இருக்க முடியுது? எல்லாரும் கேக்கட்டும். சொல்லுங்க.